நாற்பது வயதைத் தாண்டிய டிரான்ஸ்ஃபார்மர்கள்: டர்பன் அனுபவம்

பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் நிறைய வைத்திருக்கும் எந்த நிறுவனத்திலும் ஒரு எக்செல் பட்டியல் இருக்கும். தயாரித்த ஆண்டு வாரியாக அடுக்கியிருப்பார்கள். பணம் கிடைக்கும்போதெல்லாம் மேலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வருவது என்று திட்டம். நிதிப் பிரிவுக்கு இது புரியும், ஆடிட்டருக்கும் புரியும். டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் புரியாது.

தமிழ்நாட்டில் துணைமின் நிலையப் பராமரிப்பில் வேலை பழகியவன் நான். பிறகு தென்னாப்பிரிக்கா வந்து, டர்பனைச் சுற்றிய கடலோரப் பகுதிகளில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் சார்பில் இதே வேலையைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் 132 கே.வி.யை 11 கே.வி.க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள், கொஞ்சம் 33 கே.வி. இந்த நாட்டின் மின் கட்டமைப்பு 1970களிலும் 80களிலும் வேகமாக வளர்ந்தது. அப்போது வாங்கியதில் பெரும்பங்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 40 வயது என்பது இங்கே அதிசயமே இல்லை. எல்லாவற்றையும் மாற்றப் பணமும் இல்லை, ஆர்டர் கொடுத்தாலும் சரக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகிவிடுகிறது. ஆகவே எது முதலில் போகும், போனால் என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில்.

முதலில் காகிதம். டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிலைச் சுத்தம் செய்யலாம், மின்கம்பி டேங்குக்குள் நுழையும் காப்புக் குழாயான புஷ்ஷிங்கை மாற்றலாம், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரைப் பிரித்து மாட்டலாம். வைண்டிங் என்ற கம்பிச் சுருளில் சுற்றிய காகிதத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது போனால் டிரான்ஸ்ஃபார்மர் போனதுதான். காகிதத்தில் உள்ள செல்லுலோஸ் சங்கிலி எவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதை டி.பி. என்ற எண்ணால் சொல்கிறோம். புதிதில் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். 200க்கு வந்துவிட்டால் விரலில் தேய்த்தால் பொடியும். ஏமாற்று எங்கே என்றால், அந்த நிலையிலும் அது மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தால் நல்ல ரீடிங்கூட வரலாம். இழந்திருப்பது பலத்தை. வெளியே ஒரு ஷார்ட் சர்க்யூட் வந்து வைண்டிங் குலுங்கும் அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

காகிதத்தைத் தின்பவை வெப்பம், ஈரம், ஆக்சிஜன், அமிலம். வெப்பத்துக்கு ஐ.இ.சி. 60076-7 என்ற சர்வதேசத் தரநிலையில் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணக் காகிதத்துக்கு, வைண்டிங்கின் மிகச் சூடான இடம் 98 டிகிரியில் இருந்தால் அது இயல்பான தேய்மானம். ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் தேயும் வேகம் இரட்டிப்பாகும், 6 டிகிரி இறங்கினால் பாதியாகும். 80 டிகிரியில் ஓடினால் எட்டில் ஒரு பங்கு வேகம்தான். இங்கே பல சப்ஸ்டேஷன்களில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் ஜோடியாக நிற்கும். ஒன்று விழுந்தால் மற்றது முழு லோடையும் தாங்க வேண்டும் என்பதற்காக இரண்டையும் பாதி லோடில் ஓட்டுவார்கள். அப்படி வாழ்ந்த 1974ஆம் வருட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் காகிதம், தொழிற்பேட்டைப் பக்கம் இரவு பகல் லோடில், ஓடாத ஃபேன்களோடும் உப்புக் காற்றில் துருவேறிய ரேடியேட்டர்களோடும் கிடந்த 1996ஆம் வருடத்ததைவிட நன்றாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல்படி 1974தான் முதலில் போக வேண்டும்.

ஓடும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காகிதத்தைக் கிழித்து எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் காகிதம் சிதையும்போது ஆயிலில் கரையும் ஃப்யூரான் பொருட்களை, முக்கியமாக 2-ஃபர்ஃபுரல் என்பதை அளந்து, டி.பி.யை ஊகிக்கிறோம். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. வெப்பத்தைத் தாங்கப் பதப்படுத்திய காகிதம் சுற்றியிருந்தால் ஃப்யூரான் குறைவாகத்தான் வரும், அதை நம்பி நிம்மதியாக இருக்கக் கூடாது. இரண்டாவது இன்னும் மோசம். அழுக்கை உறிஞ்சும் ஃபுல்லர்ஸ் மண் வழியாக ஆயிலைச் சுற்றவிட்டு மறுசீரமைப்பு செய்தால், அமிலத்தோடு ஃப்யூரானும் போய்விடும். அடுத்த ரிப்போர்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இளமை திரும்பியது போலத் தெரியும். எந்தத் தேதியில் ஆயில் சுத்தம் செய்தார்கள் என்ற ஒரு வரி பதிவேட்டில் இல்லாவிட்டால், பின்னால் வருகிறவர் அதை நம்பிவிடுவார். ஆயிலில் கரைந்த வாயுக்களை வெளியே இழுத்து டீகாஸ் செய்தபின் அந்த வாயுக்களின் கதையும் இதேதான்.

இந்த ஒரு வரி எங்கே இருக்கும் என்று தேடிப் போனபோதுதான் எனக்கு அங்கிளின் அருமை தெரிந்தது. டர்பனில் மூத்தவர்கள் எல்லோருமே அங்கிள், ஆன்டிதான். இவர் டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜில் படித்தவர், 80களின் தொடக்கத்திலிருந்து சப்ஸ்டேஷன் யார்டிலேயே வாழ்ந்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்று, ஒப்பந்தத்தில் திரும்ப வந்தவர். வீட்டில் இங்கிலீஷ்தான். ஆயாவிடமிருந்து வந்த தமிழ் கொஞ்சம், கோவிலிலிருந்து வந்தது கொஞ்சம். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார், அதற்கு மேல் பேச்சு இங்கிலீஷுக்குத் தாவிவிடும். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகள் ஏறக்குறைய 2005க்குப் பிறகுதான் தொடங்கின. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டு அவர் தலைக்குள் இருந்தது.

ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்திலும் நின்றுகொண்டு அவரைப் பேசவிட்டேன், போனில் பதிவு செய்தேன். ஆபீஸில் உட்கார்ந்து கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. யார்டில் நின்றால் கொட்டும். "இது இங்க பொறந்தது இல்ல தம்பி, இன்னொரு ஸ்டேஷன்லேருந்து லாரியில வந்தது. வர்ற வழியில ரொம்ப ஆடிப்போச்சு, யாரும் டெஸ்ட் பண்ணல." "இதுக்கு ரெண்டு வெள்ளை ஃபேஸ் புஷ்ஷிங் மாத்தியிருக்கோம், பழசுலேருந்து எடுத்துப் போட்டது." "87 வெள்ளத்துல இந்தப் பக்கம் முழுக்கத் தண்ணி." இப்படிக் கிடைத்த குறிப்புகளில் பாதியாவது எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் விட எங்களுக்கு உதவியது. தென்னாப்பிரிக்காவில் ஃபேஸ்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்பார்கள், நம் ஊர் மஞ்சளுக்குப் பதில் வெள்ளை. முதலில் எனக்கு அதுவே குழப்பம்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு வந்தாலும் நான் சொல்வது இதுதான்: மானிட்டரிங் கருவிக்கு டெண்டர் போடுவதற்கு முன்னால், ஓய்வு பெறப் போகிறவர்களை யார்டுக்கு அழைத்துப் போங்கள். செலவு ஒரு நாள் கூலியும் மதியச் சாப்பாடும். எங்கள் அங்கிளுக்கு, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய ஒரு பன்னி சவ் போதும்.

அங்கிளின் பேச்சு எங்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரையே காப்பாற்றிக் கொடுத்தது. 30 எம்.வி.ஏ. திறன், வயது முப்பதுக்கு மேல். ஆயிலில் கரைந்த வாயுக்களை அளக்கும் டி.ஜி.ஏ. டெஸ்ட்டில் திடீரென்று அசெட்டிலீன் 75 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 75 பங்கு. அசெட்டிலீன் என்றால் உள்ளே ஆர்க் அடிக்கிறது என்றுதான் எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். உடனே அணைத்து வெளியே எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் தரப்பில் ஒரே பதற்றம். எடுத்தால் அந்தப் பகுதி முழுக்க ஒற்றை டிரான்ஸ்ஃபார்மரில் நிற்கும், அதுவும் குளிர்காலம். இந்த நாட்டில் உச்ச லோடு ஜூன், ஜூலையில்தான்.

ரிப்போர்ட்டை முழுவதும் படித்தால் ஏதோ ஒட்டவில்லை. மெயின் டேங்கில் நிஜமாகவே ஆர்க் அடித்தால் ஹைட்ரஜன் எகிறியிருக்க வேண்டும், எத்திலீனும் கூட வரும். இங்கே ஹைட்ரஜன் 20தான். கார்பன் மோனாக்சைடு அசையவே இல்லை, அதாவது காகிதம் எரியவில்லை. ஐ.இ.சி. 60599ல் ஒரு குறிப்பு உண்டு: அசெட்டிலீனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 2, 3ஐத் தாண்டினால், டேப் சேஞ்சரின் ஆயில் மெயின் டேங்குக்குள் கசிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. டேப் சேஞ்சரின் சுவிட்சான டைவர்ட்டர் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஆயிலுக்குள் ஆர்க் அடிப்பது அதன் பிறவிக் குணம், அங்கே அசெட்டிலீன் ஆயிரக்கணக்கில்கூட இருக்கலாம். ஹைட்ரஜன் லேசானது, ஆயிலில் அதிகம் கரையாது, டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுவிடும் பிரீதர் வழியாகப் போய்விடும். அசெட்டிலீன் தங்கும். எங்கள் விகிதம் கிட்டத்தட்ட 4. டேப் சேஞ்சரோடு ஆயில் தொடர்பு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர்களில் 2 முதல் 20 பி.பி.எம். வரை வழக்கம் என்றும், தொடர்பு உள்ளவற்றில் 60 முதல் 280 வரை வழக்கம் என்றும் அதே ஐ.இ.சி. சொல்கிறது. எங்களுடைய 75 இரண்டாவது வகைக்குள் அழகாக உட்கார்ந்தது.

இதை அங்கிளிடம் சொன்னேன். சிரித்தார். "அந்த டேப் சேஞ்சர் கன்சர்வேட்டர்ல லெவல் எப்பவும் எறங்கிட்டே இருக்கும் தம்பி. நாங்க ஊத்திட்டே இருப்போம். வெளிய ஒரு சொட்டு ஒழுகாது." கன்சர்வேட்டர் என்பது மேலே இருக்கும் ஆயில் தொட்டி. வெளியே ஒழுகாத ஆயில் எங்கே போகும்? இந்த விஷயம் எந்த பதிவேட்டிலும் இல்லை. ஆயில் ஊற்றியதை யாரும் பழுதாக நினைக்கவில்லை, எழுதவும் இல்லை.

உறுதி செய்ய அவசர ஷட்டவுன் தேவைப்படவில்லை. வாரம் ஒரு சாம்பிள் எடுத்து வாயுக்கள் எந்த வேகத்தில் ஏறுகின்றன என்று பார்த்தோம், எத்திலீனும் ஹைட்ரஜனும் அப்படியே நின்றன. குளிர்காலம் கழிந்ததும் திட்டமிட்ட ஷட்டவுனில் டைவர்ட்டர் பெட்டியின் ஆயிலை முழுக்க வடித்து, உட்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு காத்திருந்தோம். மெயின் டேங்க் ஆயிலின் அழுத்தம் அந்தப் பக்கம் இருப்பதால், ஓட்டை இருந்தால் ஆயில் உள்ளே எட்டிப் பார்த்தே தீரும். அடிப்பகுதி சீல் ஓரத்தில் ஈரம் கோடு கட்டியது. சீல் மாற்றி, மெயின் ஆயிலை டீகாஸ் செய்து, சார்ஜ் செய்த, அதாவது மின்சாரம் கொடுத்த பிறகு புதுக் கணக்கு தொடங்கினோம். அது இன்றும் ஓடுகிறது.

டி.ஜி.ஏ. பற்றி இன்னொன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே சாம்பிள் எடுப்பவரைப் பொறுத்தது. வால்வில் தேங்கிய பழைய ஆயிலை வடிக்காமல் எடுத்தால் வால்வின் கதைதான் வரும், டிரான்ஸ்ஃபார்மரின் கதை வராது. கண்ணாடி சிரிஞ்சில் குமிழி இருந்தால் ஹைட்ரஜன் அதற்குள் தப்பிவிடும். வெயிலில் வேன் டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் ஆயில் மாறிவிடும். சாம்பிள் எடுத்தபோது ஆயில் எத்தனை டிகிரி என்று எழுதாவிட்டால் ஈரத்தின் பி.பி.எம். வெறும் எண்தான், ஏனென்றால் ஈரம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது. சூடானால் ஆயிலுக்கு வரும், ஆறினால் திரும்பப் போகும். காலையில் 12, மதியம் 25 என்று ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வருவதைப் பார்த்து யாரோ ஈரம் புகுந்துவிட்டது என்று மெயில் அனுப்புவார்கள். ஒரே ஆள், ஒரே வால்வு, ஒரே லேப் என்பதைக் கூடியவரை விடாமல் காப்பாற்றுங்கள். லேப் மாற்ற வேண்டிவந்தால் ஒரு சுற்று இரண்டு லேப்புக்கும் அனுப்புங்கள்.

இப்போது புஷ்ஷிங். எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான சிக்ரே 2015ல் வெளியிட்ட ஆய்வு 964 பெரிய பழுதுகளை அலசியது. ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவான டிரான்ஸ்ஃபார்மர்களே பெரிய பழுதுக்கு உள்ளாகின்றன, அவற்றில் வைண்டிங், டேப் சேஞ்சர், புஷ்ஷிங் மூன்றும் முன்னணியில் நிற்கின்றன. வைண்டிங் கெட்டால் பெரும்பாலும் பாதுகாப்பு ரிலே பார்த்து அணைத்துவிடும். புஷ்ஷிங் வெடித்தால் பீங்கான் துண்டுகள் யார்டு முழுக்கப் பறக்கும், அதோடு தீ. பல்லாயிரம் லிட்டர் ஆயில் பக்கத்திலேயே இருக்கிறது. மொத்த விலையில் ஒரு சிறு பங்கு ஆகும் பாகம் மொத்தத்தையும் கொண்டுபோய்விடும்.

பழைய 132 கே.வி. புஷ்ஷிங் என்பது ஆயிலில் ஊறிய காகிதமும் மெல்லிய உலோகத் தாளும் அடுக்கடுக்காகச் சுற்றியது. மேல் கேஸ்கெட் காய்ந்தால் மழைநீர் உள்ளே போகும். ஷட்டவுன் எடுத்து, காப்பில் வீணாகும் மின்சாரத்தைக் காட்டும் டேன் டெல்டாவும், மின்தேக்கு அளவான கப்பாசிட்டன்ஸும் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை மதிப்போடு ஒப்பிடுங்கள், பக்கத்து ஃபேஸ்களோடும் ஒப்பிடுங்கள். கப்பாசிட்டன்ஸ் சில சதவீதம் ஏறினாலே ஒரு அடுக்கு உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. டெஸ்ட் முடிந்ததும், டெஸ்ட் வயர் மாட்டும் முனையான டெஸ்ட் டேப்பின் மூடியைத் திரும்ப மாட்ட வேண்டும். அந்த மூடிதான் வெளி அடுக்கை எர்த்தோடு சேர்க்கிறது. அது இல்லாமல் சார்ஜ் செய்தால் நல்ல புஷ்ஷிங்கையும் நாமே கொன்றுவிடுவோம். எங்கள் டீமில் மூடி மாட்டியதை இரண்டாவது ஆள் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டோவும் எடுக்க வேண்டும். கிண்டல் செய்தார்கள், செய்யட்டும்.

கடலோரத்தில் உப்புப் படிவது போதாதென்று கரும்புத் தோட்டச் சாம்பலும் வந்து சேர்கிறது. குவாஸூலு-நடாலில் அறுவடைக்கு முன் கரும்புச் சோகையைக் கொளுத்துவார்கள். டோங்காட், வெருலம் பக்கம் கருஞ்சாம்பல் மழையாகக் கொட்டும். உப்பும் சாம்பலும் படிந்த பீங்கானில் விடியற்காலைப் பனி பட்டால் மேற்பரப்பில் பொறி ஓடுவதைக் காதாலேயே கேட்கலாம். பழைய புஷ்ஷிங்குகளுக்குப் பதில் ரெசின் ஊட்டிய காகிதமும் சிலிக்கான் உறையும் கொண்ட வகையைப் போட ஆரம்பித்தோம். ஆயிலும் இல்லை, வெடித்துத் தெறிக்கும் பீங்கானும் இல்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரைப் புதிதாக வாங்கும் பணத்தில் பல டிரான்ஸ்ஃபார்மர்களின் புஷ்ஷிங்குகளை மாற்றிவிடலாம். ஆண்டு வாரியான பட்டியலை எதிர்த்து நான் வைத்த வாதங்களிலேயே எடுபட்டது இதுதான்.

ஷட்டவுன் கிடைப்பது தனிப் போராட்டம். தொழிற்சாலைகள் மூடும் டிசம்பர் நடு முதல் ஜனவரி தொடக்கம் வரை நல்ல காலம். ஈஸ்டர் நீண்ட வார இறுதியும் நல்லது, லோடு குறைவு. ஆனால் புனித வெள்ளியன்று ஐசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் பெருங்கூட்டம் கூடும், எங்கள் டீமில் பாதிப்பேர் அங்கே இருப்பார்கள். "சனிக்கிழமை வர்றேன் தம்பி, வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு" என்று அங்கிள் முடித்துவிடுவார். சரி, சனிக்கிழமையே வைத்துக்கொள்வோம்.

முறைவைத்து மின்சாரத்தை வெட்டிய லோட் ஷெட்டிங் காலம் டிரான்ஸ்ஃபார்மரை எப்படிப் படுத்தியது என்று பலர் யோசிப்பதில்லை. மின்சாரம் இல்லையென்றால் அதற்கு ஓய்வுதானே என்பார்கள். 2023 மிக மோசமான ஆண்டு, 2024 மார்ச் 26க்குப் பிறகு பல மாதங்கள் நின்றது. அந்தக் காலத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர்களை நாளுக்கு இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டோம். திரும்பப் போடும் கணத்தில் அந்தப் பகுதியின் எல்லா வீட்டு கீசரும் ஒன்றாக இழுக்கும், புதிதாக மாட்டிய இன்வெர்ட்டர் பேட்டரிகளும் சேர்ந்து இழுக்கும். வழக்கமான உச்சத்தைத் தாண்டிய லோடு. அந்த நேரத்தில்தான் பழைய 11 கே.வி. கேபிள் ஜாயின்ட்கள் வெடிக்கும். சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஷார்ட் சர்க்யூட் என்றால் அந்தக் கரன்ட் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் வழியாகப் போய், அதைப் பிடித்து முறுக்குகிறது. பொடியும் நிலையில் காகிதம் இருந்தால் சங்கதி முடிந்தது. டேப் சேஞ்சர் கவுன்டர்களும் வேகமாக ஏறின. காலண்டர் பார்த்து சர்வீஸ் செய்துகொண்டிருந்தவர்கள் எண்ணிக்கை பார்த்துச் செய்ய வேண்டிவந்தது.

இதற்கு நாங்கள் செய்தது இரண்டு. பக்கத்தில் நடந்த ஒவ்வொரு பெரிய ஃபால்ட்டையும் ரிலேயிலிருந்து எடுத்து, எந்த டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை அடி வாங்கியது என்று கணக்கு வைத்தோம். வைண்டிங் நகர்ந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்.எஃப்.ஆர்.ஏ. டெஸ்ட்டை, ஒன்றும் நடக்காதபோதே எடுத்துப் பத்திரப்படுத்தினோம். பழைய வரைபடம் கையில் இல்லாமல் விபத்துக்குப் பிறகு மட்டும் எடுத்தால், மூன்று ஃபேஸையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஊகிக்கத்தான் முடியும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சப்ஸ்டேஷன்களும் மூழ்கின. டிரான்ஸ்ஃபார்மர் டேங்க் மூடிய பெட்டி, தண்ணீர் அதை அவ்வளவு பாதிக்காது. போனது டேப் சேஞ்சர் மோட்டார் பெட்டி, ஃபேன் கன்ட்ரோல் பெட்டி, கேபிள் பெட்டி, ரிலே ரூம். அங்கிள் 87 என்று சொல்லியிருந்த இடங்களில் சிலவற்றில் அப்படியே தண்ணீர் வந்தது. அதன் பிறகு ஸ்பேர் பட்டியலில் மோட்டார் டிரைவையும் கன்ட்ரோல் பெட்டியையும் சேர்த்தோம். ஸ்பேர் என்று சொல்லும்போது, ஓரமாக நிறுத்தியிருக்கும் ஸ்பேர் டிரான்ஸ்ஃபார்மரையும் ஓடுவதைப் போலவே பாருங்கள். ஒருமுறை அவசரத்துக்குப் போய்ப் பார்த்தால் பிரீதரில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மொத்தமும் நிறம் மாறிக் கிடந்தது, உள்ளே காகிதம் ஈரம். ஓடாத டிரான்ஸ்ஃபார்மருக்குச் சூடும் இல்லை, ஈரம் வெளியேற வழியும் இல்லை. டர்பன் ஈரக்காற்றில் சிலிக்கா ஜெல் உள்நாட்டைவிட வேகமாகத் தீரும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாகும் வகையும், ஆரஞ்சாக இருந்து பச்சையாகும் வகையும் ஒரே யார்டில் கலந்து கிடந்தால் புதிய ஆள் நல்லதைக் கெட்டது என்பார். ஒரே வகையை வாங்குங்கள்.

செம்புத் திருட்டையும் விட முடியாது. நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் பட்டையை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பின் எர்த் ஃபால்ட் வந்தாலும் ரிலேக்குத் தெரியாது. 2022 நவம்பர் இறுதியில் ஸ்கிராப் செம்பு ஏற்றுமதிக்கு அரசு தடை போட்டது. நாங்கள் எங்கள் பங்குக்குச் செம்புப் பட்டைகளை எடுத்துவிட்டு, விற்றால் காசு தேறாத செம்பு பூசிய எஃகு போட்டோம். மாதம் ஒருமுறை எர்த் இணைப்பைக் கண்ணால் பார்ப்பது கட்டாயம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுங்கள் என்று மேலிடம் கேட்கும். ஹெல்த் இன்டெக்ஸ் என்பார்கள். ஆயிலுக்கு இத்தனை, காகிதத்துக்கு இத்தனை, புஷ்ஷிங்குக்கு இத்தனை என்று எடை போட்டுச் சராசரி எடுப்பது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 100க்கு 82 வாங்கியது. அதன் ஒரு புஷ்ஷிங்கின் டேன் டெல்டா முந்தைய டெஸ்ட்டைவிட இரண்டு மடங்கு. எண்பத்திரண்டில் அது எங்கே தெரியும்? அதனால் நாங்கள் சராசரியை வைத்துக்கொண்டாலும், அட்டவணையில் அதன் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்தோம். திடீரென்று வெடிக்கக்கூடிய குறை ஒன்று இருந்தாலும் அந்தப் பத்தி சிவப்பு, மதிப்பெண் எதுவானாலும் சரி. மூன்றாவது பத்தி, இது போனால் யாருக்கு மின்சாரம் போகும், மாற்று வழி உண்டா என்பது. ஆஸ்பத்திரி ஃபீடர் உள்ள ஒரு சுமாரான டிரான்ஸ்ஃபார்மர், மாற்றுவழி நன்றாக உள்ள ஒரு மோசமானதைவிட முன்னால் வரும். இந்த மூன்று பத்திகளோடு போனபோது நிதிப் பிரிவோடு நடந்த பேச்சு வேறு மாதிரி இருந்தது. எதை மாற்றுவது என்பதோடு, எதைக் குறைந்த லோடில் வைத்து இன்னும் பத்து வருடம் ஓட்டுவது என்றும் பேச முடிந்தது.

கழிப்பதிலும் வேலை இருக்கிறது. 70களின் ஆயிலில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கலாம். பல டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு ஒரே ஃபில்டர் மெஷினைப் பயன்படுத்தியதால் பின்னாளில் வந்தவற்றிலும் பரவியிருக்கும். 50 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தால் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப்படி 2025க்குள் பயன்பாட்டிலிருந்து எடுத்திருக்க வேண்டும், 2028க்குள் கழிவைப் பாதுகாப்பாகக் கையாள வேண்டும். மெஷினை இணைப்பதற்கு முன்பே பி.சி.பி. டெஸ்ட் எடுங்கள், இல்லையென்றால் ஒரு அழுக்கை ஊர் முழுக்கக் கொண்டுபோவீர்கள்.

அப்புறம், ஸ்கிராப்புக்குப் போகும் ஒவ்வொன்றிலிருந்தும் காகிதம் எடுக்க வேண்டும் என்று கழிக்கும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். மூன்று ஃபேஸிலும் மேல், நடு, கீழ் என்று எடுத்து டி.பி. பார்ப்போம். மேல் பகுதிதான் அதிகம் சூடாகும், மோசமான எண் அங்கேதான் வரும். ஃப்யூரானை வைத்து நாம் ஊகித்த எண்ணையும் கையில் வந்த காகிதத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால், அதே வருடம் அதே கம்பெனியில் வாங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு நம் ஊகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்கிராப் காண்ட்ராக்டர் முதலில் முனகுவார், வைண்டிங்கை அறுக்கும் முன் நாம் போய் நிற்க வேண்டும். லேப் செலவு செம்பு விற்ற காசில் தெரியவே தெரியாது.